லைனில் யாரும் பேசாத ஆறு மாதம்

வடக்குப்பட்டு சசிரேகா ஒரகடத்தில் கார் வயரிங் கட்டும் கம்பெனியில் பதினொரு வருஷம் ஒரே லைனில் நின்றவள். கை வேகம், வாய் அதைவிட வேகம். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் சுற்றி ஆறு கைகள் நீளும்.

போன தை மாதம் அனுப்பிய சரக்கு மொத்தமும் திரும்பி வந்தது. டெஸ்ட் பண்ணாமலே ஓகே ஸ்டிக்கர் ஒட்டியது யார் என்று சூப்பர்வைசர் கேட்டார். ஒட்டியவளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவள் சசிரேகாதான். பொய் சொல்ல வரவில்லை. "சுகப்பிரியா, சார்" என்று லைனில் தன்னோடு நிற்பவளின் பெயரைச் சொல்லிவிட்டாள். திட்டுவார்கள், அதோடு போகும் என்று நினைத்தாள். மறுநாள் சுகப்பிரியாவுக்கு வேலையே போயிற்று.

அன்றிலிருந்து லைனில் ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. சண்டைக்கு வந்திருந்தாலாவது பதில் சொல்லியிருப்பாள். கேண்டீனில் அவள் தட்டோடு வந்து உட்கார்ந்தால் எதிரில் இருப்பவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார்கள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே வந்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு சளியும் காய்ச்சலும் மாறி மாறி வந்தன. சித்திரை முடிகிற சமயம் இடது விலாவில் சூடு போட்டதுபோல் கொப்புளங்கள் வரிசையாகக் கிளம்பின.

"அக்கிடி இது. கொப்புளத்து மேல காவி எழுதினா சரியாப்பூடும்" என்று புருஷன் வெங்கடேசன் ஒரு குயவர் வீட்டுக்கு அழைத்துப் போனான். எழுதியும் எரிச்சல் அடங்கவில்லை. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் டாக்டர் மெர்சி பார்த்தார்.

"சின்ன வயசுல அம்மை வந்துச்சா?"

"வந்துது மேடம்."

"அந்தக் கிருமி நரம்புல தூங்கிட்டு இருந்திருக்கு. உடம்புல காவல் தளர்ந்ததும் எழுந்துடுச்சு. மனசுல ஏதாவது பாரமாம்மா?"

ஒன்றுமில்லை என்றுதான் ஆரம்பித்தாள். நான்கு மாதப் பேச்சும் சேர்ந்து வந்தது.

டாக்டர் பேனாவை மூடிவிட்டு முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: "மனசு நோகும்போது மூளை சில ரசாயனத்தைச் சுரக்க வைக்கும். நோயோட சண்டை போடற அணுங்க மேலயே அதை வாங்கிக்க ரிசப்டர்னு ஒண்ணு இருக்கு. கொஞ்ச நாள்னா பரவாயில்ல. மாசக்கணக்கா வந்துட்டே இருந்தா அணுங்க சோர்ந்துடும். உங்களுக்கு அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். இருக்கலாம். மாத்திரை எழுதறேன். மனசு விட்டுப் பேச யாராச்சும் இருக்காங்களா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் சுகப்பிரியா வீட்டைத் தேடிப் போனாள். சுகப்பிரியா கதவைத் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"வேலயே பூடும்னு எனக்குத் தெரியாது சுகா."

"நீ சொன்னது நெசந்தான்க்கா. தப்பு என்னுது. லைன்ல கீற அவளுங்க கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா உன்னப் பாத்தா இன்னா பேசறதுன்னே தெரியல. போயிட்டு வாக்கா."

சசிரேகா ஷேர் ஆட்டோவில் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டே வந்தாள்.

கொப்புளங்கள் மூன்று வாரத்தில் காய்ந்தன. எரிச்சல் போகவில்லை, ஜாக்கெட் துணி பட்டாலே துடித்தாள். லைனில் அப்போதும் யாரும் பேசவில்லை. ஆடியில் தானே கேட்டு பேக்கிங்குக்கு மாறிக்கொண்டாள். அங்கே ஒரு மேஜை, ஒரே ஆள்.

"எப்டி கீது அங்க?" என்று வெங்கடேசன் கேட்டான்.

"ஆளே கெடயாது. யாரும் பேசலியேன்னு நெனைக்க வேணாம்" என்றாள்.