தாழிக்குள் ஒலித்த மறு அடி

தாழிக்கூடத்திலிருந்து கணவன் ஜும்பரின் பாட்டு கேட்டது. அடுப்படியில் சீஸ் ரொட்டியைத் திருப்பிக்கொண்டிருந்த லமாராவின் கை அப்படியே நின்றது.

அது தாழி கழுவும்போது பாடுகிற பாட்டு. மண்ணில் கழுத்துவரை புதைத்த ஒயின் தாழிக்குள் இறங்கித் தேய்ப்பவருக்கு, உள்ளே தங்கிய நெடியில் மயக்கம் வரும். அதனால் மேலே நிற்பவர் ஓர் அடி பாட, உள்ளே இருப்பவர் மறு அடி பாட வேண்டும். குரல் வந்துகொண்டிருக்கும்வரை உயிர் பத்திரம். இன்று கழுவும் நாளே இல்லை. ஆனாலும் மறு அடியை ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். லமாரா பாட வேண்டிய அடியை!

திடீரென்று பாட்டு அறுந்தது. ஜும்பர் ஏதோ கத்தினான். அடுத்த நொடி அந்தப் பெண்ணின் சிரிப்பு. லமாரா ரொட்டியை ஓங்கித் திருப்பிப் போட்டாள்.

எத்தேரி! தலைநகரம் திபிலீசியில் ஒயின் வியாபாரம். ருசி பார்த்து வாங்க வந்திருக்கிறாளாம். ஒயினுக்குப் பேர்போன காகேதியின் இந்தச் சின்ன ஊரில் அவளை மறந்தவர் யார்? ஜும்பருக்கு முதலில் நிச்சயித்த பெண். தாழிக்குள் இறங்கிக் கழுவுவது அந்த வீட்டு மருமகளின் வேலை. அகன்ற தோள், தாழி வாய்க்குள் நுழையாது, அதனால் கல்யாணம் நின்றது என்றது ஊர். பிறகு பெண் பார்க்க வந்த மாமியார், லமாராவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் தோளைத்தான் கையால் அளந்தாள். "இவ நுழைஞ்சிடுவா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை முள்ளாகத் தைத்து, லமாராவின் தலை நரைத்த பிறகும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. என் தோளைக் கட்டிக்கொண்டான். மனசை யாரிடம் வைத்தான்?

ரொட்டித் தட்டோடு தாழிக்கூடத்துக்குப் போனாள். காலித் தாழியின் வாயருகே எத்தேரி மண்டியிட்டிருந்தாள், கழுத்தில் பவழமாலை. ஜும்பரின் முகமெல்லாம் சிவந்திருந்தது.

"கச்சேரி முடிஞ்சுதுன்னா சாப்பிடலாம்."

"அடேயப்பா, வாசனையே ஆளைத் தூக்குதே லமாரா!" என்றாள் எத்தேரி.

"உங்களைத் தூக்கறது கொஞ்சம் கஷ்டம்தான்."

ஜும்பர் இருமினான். பக்கத்துத் தாழியிலிருந்து அவசரமாக ஒயினை முகந்து கிண்ணத்தில் ஊற்றினான். எத்தேரி முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, கண்ணை மூடிக்கொண்டாள்.

"வாதுமைக் கொட்டை வாசம். கெட்ட நெடி துளி இல்லை. யார் கழுவின தாழி இது?"

"நான்தான். தோள் சின்னது பாருங்க, அதுக்குத்தானே கொண்டுவந்தாங்க. உங்க தோள் நுழைஞ்சிருந்தா, இந்த ரொட்டியை நீங்க சுட்டிருப்பீங்க."

எத்தேரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "ஜும்பர், இவகிட்ட நீ சொல்லவே இல்லையா?"

அவன் பதிலுக்குக் காத்திராமல் லமாரா பக்கம் திரும்பினாள்.

"நுழையலைன்னு எவ சொன்னா? நுழைஞ்சேன்டி, இதோ இந்தத் தாழியிலதான். தலை சுத்திப் பாட்டு நின்னுபோச்சு. மேல நின்னு பாட வேண்டிய இந்த ஐயா சிநேகிதனுங்களோட பகடை உருட்டிக்கிட்டிருந்தாரு. என் குரல் நின்னதே இவனுக்குத் தெரியலை. எப்படியோ ஏணியைப் பிடிச்சு ஏறி வந்தேன். நிச்சய மோதிரத்தைக் கழட்டி இவன் தொப்பியில போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

லமாரா தட்டைக் கீழே வைத்தாள். அப்படியானால் இவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவள் விட்டுப் போனாள். விட்டுப் போகாதிருந்தால்?

"பழைய பாட்டைப் பாடுன்னு இன்னிக்கு நான்தான் கேட்டேன்," என்று எத்தேரி எழுந்தாள். "இப்பவாவது காது கேக்குதான்னு பார்க்க, தாழிக்குள்ள தலையை விட்டுப் பாடி வேணும்னே நடுவுல நிறுத்தினேன். பகடை ஆடினவன் பாய்ஞ்சு வந்து என் தோளைப் பிடிச்சு இழுத்தான். என்ன கத்தினான் தெரியுமா? 'லமாரா!'ன்னு."

அவள் மறுபடி சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை. "குடுத்துவச்சவடி நீ."

லமாராவின் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. இத்தனை காலம் வேண்டியிருந்த பதில் கிடைத்துவிட்டது. ஆனால் அதைக் கொண்டுவந்து கொடுக்க உலகத்தில் வேறு ஆளா கிடைக்கவில்லை? அன்று விட்டுப் போய், காதைத் தீட்டிவைத்துக்கொள்ள அவனுக்குக் கற்றுக்கொடுத்ததும் இவள்தானே! அதுவும் தோளைப் பிடித்தானாம், தோளை.

வாசல்வரை கூடவே போனாள். எத்தேரி அவள் கன்னத்தில் முத்தமிட்டுப் படியிறங்கினாள்.

"போய்ட்டு..." என்றாள் லமாரா. "வாங்க" என்பதை மட்டும் சொல்லவில்லை.

கதவைச் சாத்தினாள்.