அசைக்காத கல்

மாயர் என்று கடலுக்கு அப்பால் ஒரு பழைய சனம் இருந்ததாம். கோயிலைப் புதுப்பிக்கும்போது பழையதை அப்படியே மூடி, அதன் மேலேயே புதியதைக் கட்டுவார்களாம். இன்று தோண்டுகிறவர்கள் உள்ளே பழைய சாமியையும் படையல் சட்டியையும் கண்டு, அந்தச் சனம் எப்படி மாறிப்போனது என்று சொல்கிறார்கள். மகள் இதைப் படித்துக் காட்டியபோது எனக்கு அத்தையைப் பார்க்க வேண்டும்போல் ஆகிவிட்டது. இலங்கை மலையகத்தில், அக்கரப்பத்தனையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தைத் தோண்டினாலும் அப்படி ஒன்று அகப்படும். அதை மூடியதில் எனக்கும் பங்குண்டு.

அத்தை, அப்பாவின் அக்கா. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்களோடு இருந்தாள். தேயிலை மலை தொடங்கும் இடத்தில் சவுக்கு மரத்தடியில் முக்கோணமாக ஒரு கல். அதுதான் கொழுந்துச் சாமி. காலையில் அத்தை முதல் பிடி கொழுந்தைக் கிள்ளி அதன் முன்னால் வைத்து, விளைச்சல் பெருகட்டும் என்று "பொலியோ பொலி" என்று குரல் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் மற்றப் பெண்கள் செடியில் கைவைப்பார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அந்த இடத்தில் அம்மனுக்குச் சிமெந்துக் கோயில் கட்டுவதென்று முடிவாயிற்று. டவுனிலிருந்து ஐயர் வருவார், இனிக் கோழி அறுக்கக்கூடாது, கல்லைக் கும்பிடுவதெல்லாம் நாகரிகமில்லை என்றார் சித்தப்பா. கோயில் கமிட்டியில் அவர் வைத்ததுதான் சட்டம். அத்தை தம்பியிடம் சண்டைக்குப் போகவில்லை.

"கட்டிக்கங்கப்பா. கல்ல மட்டும் அசைச்சிறாதீங்க" என்று கெஞ்சினாள். சித்தப்பாவும் சாமி சத்தியமாகச் சரி என்றார்.

ஆனாலும் அத்தைக்கு மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததால் என்னைக் காவல் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். யாராவது கல்லை அசைத்தால் ஓடிவந்து சொல்ல வேண்டும். நானும் கண்கொட்டாமல் பார்த்திருந்தேன். ஒருவரும் அசைக்கவில்லை. சுற்றிலும் மண்ணைக் கொட்டினார்கள், மேலேயும் கொட்டினார்கள், மட்டப்படுத்திச் சிமெந்து பூசினார்கள்.

சாயங்காலம் அத்தை கூடையை இறக்குவதற்குள் ஓடினேன்.

"அத்தே, அசைக்கவே இல்ல. அங்கனயே இருக்கு" என்றேன், பெருமை தாங்காமல்.

அத்தை போய்ப் பார்த்தாள். என்னைத் திட்டவில்லை.

"ஆமா புள்ள, அங்கனதான் இருக்கு" என்றாள்.

கோயில் திறந்த பிறகு பூசையெல்லாம் ஐயர் பொறுப்பாயிற்று. பொலி சொல்ல அத்தையை யாரும் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் அம்மனைப் பார்த்துக் கும்பிட, அவள் மட்டும் சவுக்கு மரத்தை ஒட்டிய மூலையில் வெறுந்தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையைச் சிமெந்தில் வைத்தபடி இருப்பாள். எங்கள் ஊர்க் குளிருக்கு அந்தத் தரையில் கால் வைக்க முடியாது. பாவமே என்று ஒருநாள் ஒரு சாக்கைக் கொண்டுபோய் விரித்தேன். அத்தை அதைச் சுருட்டி என்னிடமே கொடுத்துவிட்டாள். நல்லதுக்கே காலமில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு லயத்துக்கு வந்துவிட்டேன்.