தனியாகப் போய் ரத்தம் கொடுத்த நாள்

ஏற்காட்டில் ஆசிரியையாக இருக்கிறேன், தனியாள். என் மாணவி ஒருத்திக்குக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தருகிற ரத்தத்திலிருந்து அவற்றைப் பிரித்து ஏற்றுவார்கள் என்றதும் நானும் போய்க் கொடுத்தேன்.

"கொஞ்ச நேரம் படுத்திருங்க" என்றார் நர்ஸ். மற்றவர்களுக்கெல்லாம் கூட வந்தவர்கள் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தார்கள். அதைப் பார்த்தபடி தனியே படுத்திருக்க மனம் வரவில்லை. எழுந்துபோய் பஸ் ஏறிவிட்டேன்.

உட்கார இடமில்லை; படிக்கட்டருகே நின்றேன். கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பியதும் கண் இருட்டியது. வெளியே சரியப்போன என்னை, மஞ்சக்குட்டையைச் சேர்ந்த எஸ்டேட் தொழிலாளிப் பெண் ஒருவர் இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்டுல ஆரு இருக்காங்க?"

"யாருமில்லைங்க." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

"அப்ப நான் கூட வாரனுங்க."

வந்தார். கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, நான் குடித்து முடித்த பிறகே தன் ஊருக்குப் பஸ் பிடிக்கப் போனார்.

மாணவி பிழைத்துக்கொண்டாள். நான் இப்போதும் ரத்தம் கொடுக்கிறேன். நர்ஸ் சொல்லும்வரை எழுந்திருப்பதில்லை. எழுந்த பிறகும் உடனே கிளம்புவதில்லை. துணையில்லாமல் யாராவது படுத்திருந்தால், பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.