இரண்டே நாற்பதுக்கு நிரம்பும் கிண்ணம்

இதைப் படித்துவிட்டு உடனே சாப்பிட உட்காராதீர்கள். கற்பனையாக இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நாகரிகமாக எழுதியிருப்பேன். இது என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. அந்தக் கிண்ணத்தை இதே கையால் ஒரு வாரம் கழுவினேன்.

அம்மாவுக்கு நுரையீரல் சுருங்கி இறுகிக்கொண்டே போகும் நோய். மூக்கில் குழாய். நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும் ஆக்ஸிஜன் மெஷின். தலைப்பக்கம் உயர்த்திக்கொள்ளும் இரும்புக் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். பேசினால் மூச்சு வாங்கும் என்பதால் ஓர் ஏற்பாடு செய்தேன். பக்கத்தில் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணம். எப்போதாவது சளி வந்து துப்பினால் மூடியால் கட்டில் கம்பியில் இரண்டு தட்டு. நான் வந்து கொட்டிவிடுவேன்.

வீட்டிலிருந்தே புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள் நான். நாள்கணக்கில் பேசாமல் இருக்க என்னால் முடியும். அம்மாவும் அப்படித்தான். எங்கள் வீட்டில் மெஷின்தான் அதிகம் பேசும்.

கட்டில் வந்த ஐந்தாம் நாள். பிற்பகல் 2.40.

டிங்… டிங்.

போனேன். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கிண்ணத்தில் பாதி வரை பச்சை. கழிவறையில் கவிழ்த்தேன். விழவில்லை. முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நூலாக இழுத்துக்கொண்டு தொங்கியது. விரலால் வழித்துத் தள்ள வேண்டியிருந்தது. மூன்று முறை சோப்பு போட்டேன். ராத்திரி சோற்றைப் பிசையும்போது அந்த வாடை கையிலேயே இருந்தது.

மறுநாளும் 2.40. அதற்கு மறுநாளும்.

சில விஷயங்கள் பொருந்தவில்லை. அம்மாவின் விரல்கள் எப்போதும் ஜில்லென்று இருக்கும். கிண்ணமோ வெதுவெதுப்பாக இருந்தது. அம்மா கிடந்த இடத்திலிருந்து அது கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஒருநாள் சளிக்குள் ஒரு முடி. கட்டையாக, நரைத்து, மீசை முடி மாதிரி… பிழை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். எல்லாவற்றையும் பார்த்தேன். எதையும் கேட்கவில்லை. வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும் போலிருந்தது.

அம்மா ஒரே ஒருமுறை கேட்டாள்.

"ஏண்டி மூஞ்சியை அப்படிச் சுளிக்கிற? உன் பீயை ரெண்டு வருஷம் அள்ளினேன். ஒருநாளாவது மூக்கைப் பொத்தினேனா?"

"அதுவும் இதுவும் ஒண்ணாம்மா?"

அவ்வளவுதான். 

பத்தாம் நாள் அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். "என்னால முடியலண்ணே. சோத்துல கை வைக்கவே கூசுது."

"அப்ப நல்ல முதியோர் ஹோமா பாத்துச் சேத்துடு. அவங்க பாத்துப்பாங்க. நீ ஏன் கிடந்து அல்லாடுற?"

திங்கட்கிழமை கொண்டுபோய் விடுவது என்று முடிவானது. அம்மாவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை. 2.40.

டிங்… டிங்.

நான் எழவில்லை. கிடக்கட்டும் என்று நினைத்தேன்.

2.44. டிங்… டிங்.

2.50. டிங் டிங் டிங் டிங்…

"சும்மா இரும்மா!" என்று கத்தினேன்.

"நான் என்னடி பண்ணேன்?"

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. சமையலறை வாசலில் அம்மா. மூக்குக் குழாய் அறையிலிருந்து நீளமாகத் தரையில் கிடந்தது. கையில் தண்ணீர் டம்ளர். தாளில் கவிழ்ந்திருந்த நான் அவள் எழுந்து வந்ததைக் கவனிக்கவில்லை.

டிங் டிங் டிங்…

"அப்ப உள்ள யாருடி தட்டுறது?" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "இத்தன நாளும் நீதான் கோவத்துல தட்டுறன்னு நெனச்சேன்."

"நீதானேம்மா… சளி துப்பிட்டு…"

"எனக்கு என்னிக்குடி சளி வந்துச்சு? வெறும் வறட்டு இருமல். நீ மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டு வருவ. பாக்கச் சகிக்காம அதுக்கு முன்னாடியே சுவர்ப்பக்கம் திரும்பிப்பேன்."

தட்டுவது நின்றது.

அறைக்குள் யாரோ செருமினார்கள்.

க்ர்ர்ர்ர்…

அடித்தொண்டையிலிருந்து… திரட்டி… இழுத்து…

தூ.

பொத்தென்று விழுந்தது.

எட்டிப் பார்த்தேன்.

கட்டிலில் யாருமில்லை.

மெத்தையில் பள்ளம்.

கிண்ணம் விளிம்பு வரை.

நடுவில் ஒரு குமிழ்… உப்பி… உடைந்தது.

அம்மாவை என் அறையில் படுக்க வைத்தேன். ஹோம் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். கட்டிலைத் திருப்பி எடுத்துப்போகக் கூப்பிட்டதும் மாலை 5.15க்குக் கடைக்காரர் வந்தார். முன்பு இதில் படுத்திருந்தது யார் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். நான் விடவில்லை.

"ஒரு பெரியவருங்க. நுரையீரல்ல சீழ். வீட்டு ஆளுங்க அருவருப்பு தாங்காம வெளியே தாழ் போட்டுட்டாங்க. சளி துப்புற கிண்ணத்தால மூணு நாள் தட்டிக்கிட்டே இருந்தாராம். ஒரு மத்தியானம் சத்தம் நின்னுபோச்சு."

"மூணு நாளா? கிண்ணம் நிரம்பி வழிஞ்சிருக்குமே…"

"அதாங்க இல்ல. கட்டிலை எடுக்க நான் போனப்ப உடம்பு அதுலயேதான் கிடந்துச்சு. கிண்ணம் சுத்தமா காலி. மீசையெல்லாம் காய்ஞ்சு ஒட்டிப்போயிருந்துச்சு."

"யாரு கொட்டினது?"

"யாரும் உள்ள போகலைங்க." அவர் கழற்றிய ஸ்குரூக்களைப் பையில் போட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அடுத்ததைத் துப்ப இடம் வேணும்ல… குடிச்சிருக்காரு."