மட்டம் வராமல் திறக்காத கதவு

லிப்ட் மெக்கானிக்குக்கு ஆறு மாடி உயரத்தில், இருட்டுக் குழிக்குள் நின்று வேலை பார்க்கப் பயமில்லை. இண்டர்வியூ நாற்காலியில் உட்கார்ந்து பதில் சொல்லத்தான் பயம். வேலை போய் மாதக்கணக்காகிவிட்டது. இந்தக் கம்பெனியும் கைவிரித்துவிட்டால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

"கஷ்டமான வேலை எதுன்னு கேப்பாங்க. நடுவுல நின்ன லிப்டை இறக்கினதைச் சொல்லுங்க. வேலை ஏன் போச்சுன்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க" என்று அவள் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவள் தம்பியும் அதே தொழில். இவருக்கு முன்னால் உள்ளே போனவன் வியர்த்து வழிய வெளியே வந்தான்.

"திட்டாதீங்க மாமா. பயத்துல வேற ஒண்ணும் வரல. உங்க லிப்ட் கதையை நான் சொல்லிட்டேன்."

"அடப்பாவி! அன்னிக்கு நீ மேல சக்கரம்தானேடா திருப்பின?"

"இப்போ கீழயும் நானேதான் நின்னேன்."

அதற்குள் இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மேனேஜர் அம்மாள் அதே கேள்வியைத்தான் கேட்டாள். சொல்ல வைத்திருந்ததைப் பறிகொடுத்த மனுஷன் என்ன செய்வார்? சொல்லக் கூடாத பாதிதான் மிச்சம்.

"முன்னாடி வந்த பையன் சொன்ன அதே நாள்தான் மேடம். அவன் மேல கரண்டை நிறுத்திட்டு, கையால சக்கரத்தைத் திருப்பி இறக்கினான். நான் கீழ, கதவுகிட்ட. உள்ள மாட்டினது கட்டடத்து ஓனர். 'திறடா, குதிச்சிடறேன்'னு கத்தறார். லிப்டுக்கு அடியில குழி வாயைப் பிளந்துகிட்டு இருக்கு. கால் தவறினா அவ்வளவுதான். கதவுச் சாவியைப் பையில போட்டுகிட்டேன். லிப்ட் தரை மட்டத்துக்கு வந்தப்புறம்தான் திறந்தேன். அன்னிக்கே என்னை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"இங்க நான் மாட்டிகிட்டுத் திறக்கச் சொன்னா?"

தலையாட்டிவிட்டால் போயிற்று, அந்தத் தலைதான் ஆட மாட்டேன் என்றது.

"திட்டுவீங்க மேடம். ஆனா மட்டம் வராம திறக்க மாட்டேன்."

"வெளிய உட்காருங்க."

"என்ன மாமா சொன்னீங்க?" என்று வெளியே காத்திருந்த மச்சினன் கேட்டான்.

"திறக்க மாட்டேன்னேன்."

"மேனேஜர்கிட்டயேவா? விளங்கிடும்!"

இருவரும் மூடிய கதவையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆபீஸ்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, இவரைக் கை காட்டினார்.

"வேலைக்குப் போடற ஷூ எடுக்கணும். உங்க கால் சைஸ் என்ன?"

மனுஷனுக்குத் தன் கால் அளவே மறந்துபோயிற்று. மச்சினன் குனிந்து அவர் செருப்பைக் கழற்றித் திருப்பினான். எண் தேய்ந்துபோயிருந்தது.

"ஒரு நிமிஷம் சார், அக்காவைக் கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்தான்.