ஜீவா மாட்டிய பெரிய ஸ்பைக்

ஜீவா போய்விட்டான்.

காலையில் கேஸ் ஸ்டேஷனில் நிற்கும்போது அவன் மனுசி சுகந்தி ஃபோனில் கோல் எடுத்தாள். "அண்ணன், அவர் போயிட்டார்" என்றாள்.

ட்ரக்கில் பக்கத்து சீற்றைப் பார்த்துக்கொண்டு கனநேரம் அப்படியே இருந்தேன். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்த பிறகுதான் எடுத்தேன்.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். கனடாவில், ஸ்கார்பரோவில் மரம் வெட்டும் வேலையில் நானும் அவனும் சோடி. ஒரே வயது, ஒரே ட்ரக். நான் யாழ்ப்பாணம், அவன் மட்டக்களப்பு.

அவன் வாயில் "பிறகு" என்ற சொல் வராது, எல்லாமே "மறுகா"தான். பில் கட்டுவது மறுகா, பல் டொக்டரிடம் போவது மறுகா. நான் நக்கலடித்தால், யாழ்ப்பாணத்தார் பேசுவது மட்டும் தமிழோ என்று திருப்பிக் கேட்பான்.

எங்களுக்குள் தீராத சண்டை ஒன்றுதான். ஸ்பைக்.

மரம் அறுக்கும் செயின்சோவில் சங்கிலி ஓடும் தகடு தொடங்கும் இடத்தில், பல்லுப் பல்லாக ஒரு இரும்புத் துண்டு இருக்கும். அது மரத்தைக் கவ்விப் பிடிக்க, அதை ஊன்றிக்கொண்டு சோவைத் திருப்பி அறுக்கலாம். சின்ன சைஸும் உண்டு, பெரிய சைஸும் உண்டு.

நான் பெரியதன் கட்சி. பார்க்க எடுப்பாக இருக்கும், வேறென்ன...

அவன் சின்னதன் கட்சி. எந்த மரத்துக்குக் கிட்டப் போனாலும் முதலில் பட்டையில் பெருவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பான். தடித்த பட்டை என்றால் நீளமான பல்லு வேண்டும், அப்போதுதான் உள்ளே மரத்தில் ஏறும். இங்கே வீட்டுப் பின்வளவுகளில் நிற்கிற மெல்லிய பட்டை மேப்பிளுக்கு அது எதற்கு? தகட்டின் நீளத்தைத் தின்னும், கிளை வெட்டும்போது கண்ட கண்ட இடத்தில் கொழுவும். இதுதான் அவனுடைய வாதம்.

ஒருநாள் சாமான் கடையில் நான் பெரிய ஸ்பைக்கைக் கையில் எடுக்க, எல்லாருக்கும் முன்னால் கேட்டான்: "நீ என்ன, பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய்க் காடு வெட்டப் போறியா?"

வீம்புக்கு வாங்கினேன். அடுத்த வேலையிலேயே அது என் கால்சட்டையில் கொழுவி முழங்கால் வரைக்கும் கிழித்துவிட்டது. அவன் சிரித்த சிரிப்பில் அந்த வீட்டு அன்ரி ஜன்னலைத் திறந்து என்னவென்று பார்த்தா.

அப்படிப்பட்டவன், போன வருசம் இலையுதிர் காலத்தில் ஸ்கார்பரோவிலேயே வோபர்ன் பக்கத்தில் ஒரு வேலைக்குத் தன் சோவில் பெரிய ஸ்பைக் மாட்டிக்கொண்டு வந்தான்.

விடுவேனா நான்? பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு எப்போது ஃபிளைற் என்று காலை முழுக்கக் கேட்டேன். வழமையாக ஒன்றுக்கு ஒன்பது சொல்கிறவன், "மறுகா சொல்றன்" என்று மட்டும் சொன்னான்.

அடிமரம் அறுக்கும்போதுதான் கவனித்தேன். அவன் சோவைத் தள்ளவே இல்லை. ஸ்பைக்கை மரத்தில் ஏற்றி, பாரத்தை அதன்மேல் விட்டு, வலது கையாலும் இடுப்பாலும் திருப்பிக்கொண்டிருந்தான். இடது கை சும்மா முன்பிடியின்மேல் கிடந்தது.

என் சோவை நிற்பாட்டினேன். அவனும் நிற்பாட்டினான்.

"கை சொல்வழி கேக்குதில்ல மச்சான். சுகந்திக்கு இன்னும் சொல்லல்ல."

இனி நீ வெட்டவேண்டாம், கிளைகளை இழு என்றேன். சண்டை பிடிப்பான் என்று பார்த்தேன். கையுறையை மாற்றிக்கொண்டு கிளைகளை இழுக்கப் போனான். அன்றைக்கு நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் பயந்ததில்லை.

நரம்பு வருத்தம். தசைகளை ஒவ்வொன்றாக நிற்பாட்டிக்கொண்டு வரும், மருந்து இல்லை என்றார்கள் டொக்டர்மார்.

அவன் வீட்டு ஹோலுக்குள் கட்டில் போட்டார்கள். வேலை முடிந்து போகும்போது அன்றைக்கு வெட்டின மரத்தின் பட்டையில் ஒரு துண்டு கொண்டுபோவேன். நகத்தை அழுத்திப் பார்த்து, சின்ன ஸ்பைக், பெரிய ஸ்பைக் என்று சொல்லுவான். விரல் ஏலாமல் போனபோது அவன் பெருவிரலை நான் பிடித்து அழுத்தினேன். குரலும் போன பிறகு கண்ணால் சொன்னான். ஒருதரம் இமைத்தால் சின்னது, இரண்டுதரம் என்றால் பெரியது.

ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

போன கிழமை கொண்டுபோனது மேப்பிள் பட்டை. மெல்லிசு... குழந்தைப் பிள்ளைக்கும் விடை தெரியும்.

என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருதரம் இமைத்தான். கொஞ்சம் பொறுத்து, இன்னொருதரம்.

பெரியதாம், நான் வென்றுவிட்டேனாம். அவன் கண் சிரித்தது. நான் கிச்சினுக்குள் போய் நின்று அழுதேன்.

அதுதான் கடைசியாகப் பார்த்தது.

தயவுசெய்து சுகந்திக்கு இப்போது யாரும் கோல் எடுக்கவேண்டாம். அவனைப் பார்வைக்கு வைக்கிற விபரம் தெரிந்தவுடன் இங்கே போடுகிறேன்.

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். வரும்போது, அவருடைய சோ கராஜில் கிடக்கிறது, நீங்களே கொண்டுபோங்க என்றாள் சுகந்தி. இப்போது பக்கத்து சீற்றில் இருக்கிறது. அதே பெரிய ஸ்பைக். பல்லுகளுக்கு நடுவில் வோபர்ன் மரத்தின் தூள் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அடுத்த கிழமை வேலையும் மேப்பிள்தான். நான் அதைக் கழற்றப்போவதில்லை. கால்சட்டை கிழிந்தால் கிழியட்டும்.

மறுகா பாப்பம், மச்சான்...