தகப்பனுக்கு எத்தனை நாள்

நாற்பத்தாறு வயதில் நான் தகப்பனானேன். ஒப்பரேசன் செய்துதான் மகளை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, கட்டிலால் எழும்பவே மனைவிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. எங்கள் சொந்தமெல்லாம் வெளிநாட்டில். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் பார்க்கிறேன் என்றா. பிறகு அவவுக்கு நெல் வயலில் அருவி வெட்டு. எனக்கு ஒரு கிழமையாவது லீவு வேண்டும்.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு அரிசி ஆலையில் ஸ்டோர் பார்க்கிறேன். வாய் திறந்து கேட்பது எனக்கு என்றைக்கும் வராது. அடுத்த நாள் பஸ்ஸில் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனேன். மனேச்சரின் மேசைக்கு முன்னால் நின்றதும் பாதி மறந்துவிட்டது.

"பெத்தது நீரோ, அவவோ?" என்றார்.

"அவதான், சேர்."

"பிறகென்ன? வேலை செய்யிற தாய்மாருக்குச் சட்டத்தில லீவு இருக்கு. அரசாங்க உத்தியோகமெண்டால் தகப்பனுக்கும் மூண்டு நாள் குடுப்பினம். எங்களைப்போல தனியாருக்கு ஒண்டுமில்லை. சட்டம் அப்பிடி, நான் என்ன செய்ய?"

என் மனைவி வேலைக்குப் போகிறவள் இல்லை. ஆகவே சட்டப்படி எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பிள்ளை பிறக்கவில்லை.

"அதோட நாளைக்குப் புது மிசினுக்குப் பூசை. முதலாளி வாறார். நீர் இல்லாமல் ஆர் விளக்குக் கொளுத்துறது?"

ஆலையில் வெள்ளிதோறும் பிள்ளையார் படத்துக்கு விளக்குக் கொளுத்துவது நான்தான். பேசத் தேவையில்லாத வேலை என்பதால் விரும்பி எடுத்துக்கொண்டது.

மறுநாள் மிசினுக்கு மாலை போட்டு, தட்டில் கற்பூரம் வைத்தேன். முதலாளி கைகூப்பி நின்றார். நெருப்புக்குச்சியைத் தட்டும்போது, வாசலில் நின்ற லொறி ரைவர் கேட்டான். அவன் முஸ்லிம் பெடியன், ஊர்ப் புதினம் எல்லாம் தெரிந்தவன்.

"அண்ணே, பிள்ளை பிறந்தால் உங்கட ஆக்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கெல்லோ? சாமி காரியம் தொடமாட்டீங்களே?"

குச்சி விரலைச் சுட்டது. இத்தனை வயதுவரை எங்கள் வீட்டுக்கு அந்தத் தீட்டு வந்ததில்லை. எனக்கு நினைவே வரவில்லை.

"ஆருக்குப் பிள்ளை?" என்றார் முதலாளி.

"எனக்கு ஐயா. ஏழு நாள்."

முதலாளி இரண்டடி பின்னால் போனார். "அறிஞ்சுகொண்டோ இவரை விட்டனீர்?"

மனேச்சர் கூரையைப் பார்த்தார்.

"முப்பத்தொண்டு கழியுமட்டும் இவர் ஆலைப் பக்கம் வரக்கூடாது. சம்பளத்தை வெட்டாதேயும். பிள்ளை பிறந்த வீடு" என்றார் முதலாளி.

முந்தின நாள் நான் கையால் எண்ணி ஏற்றிவிட்ட அரிசி மூட்டைகளைத் திருப்பி எடுக்கும்படி ஒருவரும் சொல்லவில்லை.

ரைவர்தான் லொறியில் கொண்டுவந்து விட்டான். "என்ர மனிசிக்கும் ரெண்டு மாதத்தில அண்ணே. எங்கட மார்க்கத்தில இப்பிடி ஒண்டும் இல்லையே. நான் என்னத்தைச் சொல்லி லீவு எடுக்கிறது?"

"வேளைக்கே கேளும்" என்றேன். கேட்டு வாங்கியவன்போல.

வீட்டில் மனைவி சுவரைப் பிடித்தபடி சமைக்கக் குசினிக்கு நடந்துகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"வேலையால நிப்பாட்டிப்போட்டாங்களோ?"

"இல்லை. லீவு. இன்னும் இருபத்துநாலு நாள்."

"நீங்கள் கேட்டு?"

நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"ஐயோ, நிப்பாட்டுங்கோ. சிரிச்சால் தையல் நோகுது."